தெற்குச் சுவரில் போட்ட ஓட்டை

கல்ஃபில் குளிரா என்று நீங்கள் மூன்று பேரும் சிரிப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்த கல்ஃப் ஏசி போட்ட கல்ஃப். எழுபதுகளில் ஷார்ஜாவில், ரோலா கடைவீதிக்குப் பின்புறம், ஓர் அரபியின் பழைய வீட்டு முற்றத்தில் பிளைவுட்டும் தகரமும் அடித்துக் கட்டிய அறை ஒன்றில் நானும் உங்கள் அம்மாவும் இருந்தோம். மார்கழி, தையில் காற்று கிளம்பினால் பிளைவுட் இடுக்கு வழியே புகுந்து எலும்பைத் தேடிப் பிடிக்கும். பெரியவர்கள் இரண்டு கம்பளியைப் போர்த்திச் சமாளித்துவிடலாம். அந்த வருஷம் குளிர்காலத்தில் உங்கள் அக்கா எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள்.

ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருந்தாள். என் உள்ளங்கையில் தலையை வைத்தால் முழங்கைக்குள் கால் முடிந்துவிடும். ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பிறகு பெட்டி வேறு குழந்தைக்கு வேண்டும் என்று துணியில் சுற்றி எங்களிடம் கொடுத்துவிட்டார்கள். நர்ஸ் மலையாளி, கண்டிப்பானவர்.

"ரூம் எப்பவும் சூடா இருக்கணும், கேட்டோ? கையும் காலும் நீலமானா யோசிச்சு நிக்கக் கூடாது, தூக்கிட்டு ஓடி வரணும். ரெண்டரை கிலோ ஆகுற வரைக்கும் இப்படித்தான்."

"ஆகலேன்னா?" என்று உங்கள் அம்மா கேட்டாள்.

"ஆக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எங்கள் அறைக்கு மின்சாரம் என்றால் ஒரு பல்பு, அவ்வளவுதான். ஹீட்டர் செருகினால் முற்றம் முழுக்க ஃபியூஸ் போய்விடும். கரிச்சட்டி வைத்து மூடிய அறையில் தூங்கியவர்கள் எழுந்திருக்காத கதைகள் தொழிலாளர் கேம்ப்புகளில் நிறைய உண்டு. நான் லாரி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. ஆனால் எங்கள் ஒர்க்‌ஷாப்பின் பின்னால் ஒரு சாமான் ட்ரம் ட்ரம்மாகச் சும்மா கிடந்தது. இஞ்சின்களிலிருந்து இறக்கிய வேஸ்ட் ஆயில். வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளலாம், கேட்பார் கிடையாது.

அடுப்பு செய்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய லாரி ஒன்றின் ஏர் டேங்கை, பிரேக்குக்குக் காற்று அடைக்கும் இரும்பு உருளையை, நிமிர்த்தி வைத்து, அடியில் சின்னக் கதவு வெட்டி, உள்ளே கனமான இரும்புக் கிண்ணம் ஒன்றை உட்கார வைத்தேன். சுவரில் உயரமாக ஒரு டின். டின்னிலிருந்து கிண்ணத்துக்கு மெல்லிய செம்புக் குழாய், நடுவில் ஒரு திருகு. எண்ணெயைப் பழைய பனியனில் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் இரும்புத்தூள் போய்க் குழாயை அடைக்கும். முதலில் மண்ணெண்ணெய்த் துணியைக் கிண்ணத்தில் கொளுத்தி, கிண்ணம் நன்றாகப் பழுத்தபின் திருகைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மேலே லாரி சைலன்சர் பைப், புகை வெளியே போக. சூடேறிவிட்டால் அருமையான நெருப்பு. புகை கண்ணுக்கே தெரியாது. சூடேறும் வரைக்கும் கால் மணி நேரம்தான் வினை. தார் போலக் கறுப்பாகக் கக்கும். தினம் ஒருமுறை அணைத்து, கிண்ணத்தில் இறுகிப்போன கரியைச் சுரண்டி, திரும்ப ஏற்றியே ஆக வேண்டும். ஆகவே தினமும் ஒரு கால் மணி நேரக் கறுப்புப் புகைக்கு வழியில்லாமல் முடியாது. அது யார் தலையில் விழுவது என்பதுதான் கேள்வி.

முதலில் கிழக்குச் சுவரில் ஓட்டை போட்டேன். அதற்கு நான் ஊரில் படித்த பாடம் காரணம். தை மாதக் காற்று என்றால் வாடை, வடகிழக்கிலிருந்து வரும். கிழக்கே பைப்பை நீட்டினால் காற்று புகையை எங்கள் கூரைக்கு மேலேயே தள்ளிக்கொண்டு மேற்கே காலி மனைக்குப் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. காற்று எல்லா நாட்டுக்கும் ஒன்று என்று நினைத்த கூறுகெட்டவன் நான். அங்கே குளிர்காலக் காற்று வடமேற்கு. புகையை நேராகக் கிழக்கு அறையின் துணிக்கொடிக்குக் கொண்டுபோய்ப் போட்டது.

கிழக்கு அறையில் இருந்தவர் மெட்ராஸ்காரர், வங்கியில் வேலை. அந்த முற்றத்தில் டை கட்டிய ஒரே ஆள். முதல் நாள் காலையிலேயே ஒரு சட்டையை ஹேங்கரோடு தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"இதோ பாருப்பா. இது என்ன கலர்?"

"வெள்ளை, சார்."

"இந்தக் காலர்?"

காலரைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள்.

"உங்க ஊர்ல குழந்தை பிறந்தா பக்கத்து வீட்டுக்கெல்லாம் கரி பூசற வழக்கமா?"

அவர் வீட்டம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "கேரேஜ் ஆளுங்களுக்கெல்லாம் ஃபேமிலி விசா குடுத்தா இப்படித்தான் ஆகும். நீங்க உள்ள வாங்க."

சாயங்காலம் வீட்டுக்கார அரபி வந்தார், அர்பாப் என்றுதான் கூப்பிடுவோம். கைத்தடியால் பைப்பை மூன்று தட்டுத் தட்டினார். இன்னொரு நாள் புகையைப் பார்த்தால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று அரபியும் உருதுவும் கலந்து சொன்னார். உங்கள் அக்காவை எட்டிப் பார்த்து, "மிஸ்கீன்" என்றார், பாவம் என்று அர்த்தம். பிறகு "கலாஸ்", பேச்சு முடிந்தது, என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்தக் குளிரில் எங்கே போவது? அடுப்பை அணைத்தால் குழந்தை, ஏற்றினால் அறை.

மேற்கே பைப் வைத்தால் காற்று புகையை அறைக்குள் திருப்பி அடிக்கும். வடக்கே வாசல். மிச்சம் தெற்கு. தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம், ரோலாவில் இருந்த ஒரு லாண்டரிக் கடையின் துணி காயப்போடும் வெளி. சிமெண்டுத் தொட்டி இரண்டு, நீளமாக எட்டுக் கம்பிக் கொடிகள், மூலையில் இஸ்திரி போடத் தகரக் கொட்டகை. அங்கே வேலை செய்தவர் ஒரே ஆள். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னை மேஸ்திரி என்பார். ஊரில் அவர் கடலை பயிரிட்டவர், சலவை அவருக்குத் தெரியாத தொழில். பம்பாயிலிருந்து கள்ளத்தனமாக லாஞ்சுப் படகில் வந்து இரவோடிரவாக இறங்கிய ஆள். பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரையும் கிடையாது. போலீஸ் ஜீப்பைக் கண்டால் தொட்டிக்குள் உட்கார்ந்துகொள்வார்.

இந்த விவரத்தையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், தெற்குச் சுவரில் ஓட்டை போட்ட அன்று இதெல்லாம் எனக்குத் தெரியும். வங்கிக்காரர் அர்பாபிடம் போவார். அண்ணாச்சி எவரிடமும் போக முடியாது.

பைப்பை மேலே தூக்கவில்லை. தூக்கினால் வங்கிக்காரரும் அர்பாபும் பார்ப்பார்கள். லாரிக்குச் சைலன்சர் மாட்டுவதுபோல சுவருக்கு வெளியே ஒரு சாண் நீட்டி, வாயைக் கீழே பார்த்து வளைத்தேன். நேரத்தையும் மாற்றினேன். காலையில் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது அடுப்பைச் சுரண்டி ஏற்றுவேன். கிழக்கு வெளுப்பதற்குள் புகை அடங்கிவிடும். அண்ணாச்சி படுப்பது கடையில். ஏழு மணிக்குத்தான் கொடிப் பக்கம் வருவார்.

அறை சூடாகிவிட்டது. உங்கள் அம்மா முதன்முறையாகக் கம்பளி இல்லாமல் உட்கார்ந்து பால் கொடுத்தாள். அக்காவின் விரல்கள் ரோஸ் நிறத்துக்கு வந்தன. ஒரு வாரம் கழித்து வங்கிக்காரர் என்னை வழியில் நிறுத்தி, "பரவாயில்லையே, சொன்னா புரிஞ்சுக்கிற ஆளுதான் நீ. இப்ப புகையே இல்ல" என்றார். நானும் "தேங்க் யூ சார்" என்றேன்.

அண்ணாச்சி ஒரு தரம் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்னா மேஸ்திரி, புதுசா பைப்பு?" என்று கேட்டார்.

"உள்ள காத்து அடைக்குது, அதான் அண்ணாச்சி."

"ஆமாமா, பச்சப்புள்ளைக்குக் காத்து வேணுமுல்ல" என்றார்.

அவருக்கு எங்கள் குழந்தைமேல் பிரியம். அவருக்கும் ஊரில் ஒரு பெண். இங்கே வரும்போது தவழ்ந்ததாம், இப்போது பள்ளிக்கூடம் போகிறதாம். இஸ்திரிப் பெட்டி சூடாக இருக்கும்போதே குழந்தையின் பழைய வேட்டித் துணிகளை வாங்கித் தேய்த்து, மடித்து, சூடு ஆறுவதற்குள் சுவர் வழியாக நீட்டுவார். "ஓடுங்க ஓடுங்க, ஆறிடப்போவுது" என்பார். உங்கள் அம்மா அதை அப்படியே குழந்தையின் வயிற்றில் வைத்துச் சுற்றுவாள்.

அவர் துவைத்தவை பெரும்பாலும் அரபிகளின் வெள்ளைக் கந்தூராக்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே வெள்ளை. குளிர்காலத்தில் வெயில் போதாமல் துணிகள் இரவும் கொடியிலேயே கிடக்கும். பனியில் நனைந்திருக்கும் துணிமேல் விடியற்காலையில் என் அடுப்பின் கரி இறங்கும். ஊசிமுனை அளவுப் புள்ளிதான். துணியைக் கொடியிலிருந்து எடுக்கும்போது தெரியாது. மேலே சூடான பெட்டி ஓடினால் போதும், அதிலிருக்கும் எண்ணெய் உருகி, விரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு இழுக்கும்.

இஸ்திரி போடும்போதுதானே கறை வருகிறது? அதனால் அண்ணாச்சி பெட்டியின்மேல் சந்தேகப்பட்டார். ஒரு வெள்ளிக்கிழமை கரிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தார்.

"மேஸ்திரி, கொஞ்சம் பாருங்க. இது கரியத் துப்புதுங்க. நேத்து நாலு கந்தூரா போச்சு. மொதலாளி பேசுற பேச்சு காது குடுத்துக் கேக்க முடியல."

ஒரு கந்தூராவின் கைப்பகுதியை எடுத்துக் காட்டினார். நான் புள்ளியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உரசினேன். கரிச் சாம்பல் என்றால் உதிர்ந்து போய்விடும். இது வழுக்கியது. முகர்ந்தும் பார்த்தேன். பத்து வருஷமாக என் நகக்கண்ணில் இருக்கும் வாடை எனக்குத் தெரியாதா? கட்டிலில் உங்கள் அம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பெட்டியிலதான் கோளாறு" என்றேன். "ஓட்டை பெருசாப் போச்சு. வச்சிட்டுப் போங்க அண்ணாச்சி."

அன்று மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து, பெட்டியின் காற்றுத் துளைகளுக்கு உள்பக்கமாக டீசல் ஃபில்டரின் கம்பி வலையை வெட்டிப் பொருத்தினேன். மூடிக்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு வைத்தேன். நல்ல வேலை, குறை சொல்ல முடியாது. வேண்டாத வேலையை அவ்வளவு சுத்தமாக நான் வேறெங்கும் செய்ததில்லை. அவர் வாங்கிப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இஞ்சினையே அக்கு அக்காப் புடுங்கி மாட்டுற கையில்ல! இது என்னா பெரிசு" என்றார்.

அவர் போனதும் உங்கள் அம்மா சொன்னாள்: "சொல்லிருங்க. பாவம் அந்த மனுஷன்."

"சொன்னா அடுப்பை அணைக்கணும்."

"கொடிய மாத்திக் கட்டச் சொன்னா?"

"எதுக்குன்னு அவர் முதலாளி கேப்பான். அது அர்பாப் காதுக்குப் போகும்."

அவள் குழந்தையின் பாதத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்திருக்க வேண்டும். "அப்ப சொல்லாதீங்க" என்றாள். எங்களுக்குள் அதைப் பற்றிய பேச்சு அத்தோடு சரி.

கறை நிற்கவில்லை, எப்படி நிற்கும்? அண்ணாச்சி கரியை மாற்றினார். சோடாவைக் கூட்டினார். ஒரே துணியை மூன்று தடவை அலசினார். குளிர்ந்த தண்ணீரிலும் சோடாவிலும் கிடந்து அவர் விரல் மூட்டெல்லாம் வெடித்தது. பிறகு அந்த வெடிப்பிலிருந்து ரத்தப் பொட்டு துணியில் படுகிறதோ என்று பயந்து, விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு துவைத்தார். நான் டியூட்டி முடிந்து வரும்போது சுவருக்கு மேலே கேட்பார்:

"மேஸ்திரி, எனக்குக் கண்ணு மங்கிப் போச்சோ? தொவைக்கிறப்ப அழுக்கு தெரிய மாட்டேங்குதே."

"வயசாகுதுல்லா அண்ணாச்சி" என்றேன். உடனே வாயில் வந்தது அதுதான்.

"ஆமா" என்றார். "நாப்பத்தஞ்சு ஆயிருச்சு."

லாண்டரி முதலாளி நாகப்பட்டினத்துக்காரர். நம் ஊர் ஆள் என்பதால் திட்டெல்லாம் பிசிறில்லாமல் தமிழிலேயே விழும். பெருநாளுக்கு நாலு நாள் இருக்கும்போது, பெரிய வீட்டுக் கந்தூராக்கள் ஒரு கட்டு அப்படியே திரும்பி வந்துவிட்டது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு துணி காயப்போடும் இடத்துக்கு வந்து கத்திய கத்தலில் முற்றத்து ஆட்கள் எல்லாரும் சுவரோரம் கூடிவிட்டோம்.

"என்னடா இது? சலவையா, சுடுகாட்டு வேலையா?"

"எங்கேருந்து வருதுன்னே தெரியலைங்க மொதலாளி. பெட்டியக்கூட மேஸ்திரி பாத்துக் குடுத்தாரு."

"பெட்டி சரியா இருக்கு, கரி சரியா இருக்கு, தண்ணி சரியா இருக்கு. அப்ப யாருடா கோளாறு?" ஒரு கந்தூராவை எடுத்து, கறை பட்ட இடத்தை அண்ணாச்சியின் கண்ணில் அழுத்தித் தேய்த்தார். ஒரு கண்ணில் தேய்த்துவிட்டு மறு கண்ணிலும் தேய்த்தார். "இப்பத் தெரியுதா? தெரியுதாடா? தெரியுதுன்னு சொல்லு."

"தெரியுதுங்க."

"சத்தமா."

"தெரியுதுங்க மொதலாளி."

வங்கிக்காரர் என் பக்கத்தில் நின்றிருந்தார். "மூஞ்சியே வாஷ் பண்ணத் தெரியாதவன்கிட்ட துணியைக் குடுத்தா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, சிரிப்புக்குத் துணை தேடி என்னைப் பார்த்தார். நானும் சிரித்தேன். அவர் அர்பாபோடு டீ குடிக்கிற மனிதர். சிரிக்காமல் நின்றால் ஏன் என்று கேட்பாரோ என்று தோன்றியது. அண்ணாச்சி அந்த நேரம் எங்கள் பக்கம் பார்த்தார். கண் எரிந்துகொண்டிருந்ததால் யார் யார் சிரித்தோம் என்று தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் அவர் என்ன செய்ய முடியும்?

அடுத்த நாள் விடியலில் நான் அடுப்பை ஏற்றாமல் இருந்திருக்கலாம். அந்த வாரம் எடை பார்த்தபோது அக்கா இரண்டு கிலோ நூறு. இன்னும் நானூறு கிராம். பாங்கு சொன்னது, எழுந்தேன், சுரண்டினேன், ஏற்றினேன்.

பெருநாளுக்கு முதல்நாள் அவரைக் கடையை விட்டு அனுப்பிவிட்டார்கள். விசா இல்லாத ஆளுக்கு வேறு கடையில் யார் வேலை கொடுப்பார்கள்? ராஸ் அல் கைமாவில் மலையை உடைத்துக் கல் எடுக்கிற இடத்தில், பேப்பர் கேட்காமல் ஆள் எடுக்கிறார்களாம். அதற்கு ஒரு பிக்கப் போகிறது என்று தகரப் பெட்டியோடு வந்து எங்கள் வாசலில் நின்றார். குழந்தையைப் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார். விரலில் சுற்றிய துணியோடு தொடக் கூடாது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என் கைதான் சரியில்ல மேஸ்திரி. நீங்களும் எவ்வளவோ பாத்தீங்க. இப்பல்லாம் வெள்ளைத் துணியக் கண்டாலே நெஞ்சு படபடங்குது."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவர் போகப்போகிறவர். சொன்னால் என் அறைக்கு ஒரு சேதமும் இல்லை. "அந்தக் கறை உங்களால இல்ல அண்ணாச்சி" என்று ஒரு வரி சொல்லியிருந்தால், பாதி பாரமாவது இறங்கிப் போயிருப்பார். நான் சொன்னது இது:

"இனி என்ன அண்ணாச்சி, கல்லு சுமக்கிற வேலை. அதுல கறை பட்டா எவனும் கண்டுபிடிக்க முடியாது."

அவர் நல்ல நகைச்சுவை என்று சிரித்தார். வெளியே பிக்கப்காரன் "யல்லா, யல்லா" என்று ஹாரன் அடித்தான். அவர் ஓடினார். பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நானும் விசாரிக்கவில்லை.

லாண்டரி முதலாளி துணி காயப்போடும் அந்த வெளியையே விட்டுவிட்டார். மாசக் கடைசியில் லாரி ஓட்டும் பட்டாணியர் ஒருவர் தம்பிமார் நாலு பேரோடு அங்கிருந்த தகரக் கொட்டகையில் குடிவந்தார். ஆறடிக்குக் குறையாத ஆட்கள். முதல் நாள் விடியற்காலையில் நான் அடுப்பை ஏற்றி ஐந்து நிமிஷம் ஆகவில்லை, தெற்குச் சுவரைக் காலால் உதைக்கும் சத்தம் கேட்டது. "ஓய்! யே க்யா ஹை?" என்று ஐந்து குரல்கள். பெரியவர் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். தொழுகைக்கு விரித்த பாயில் கரி விழுந்திருக்கிறது. "பாயி, இன்னைக்கே சரி பண்ணிடுறேன், இன்னைக்கே" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அன்று லீவு சொல்லிவிட்டேன். வளைந்த வாயை அறுத்து எறிந்தேன். நேரான ஆறடித் துண்டு ஒன்றைக் கேஸ் வெல்டிங்கில் ஒட்டிக் கூரைக்கு மேலே தூக்கி நிறுத்தி, மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினேன். உயரமான பைப் நன்றாக இழுக்கும். இழுத்தால் நெருப்பு சீக்கிரம் பழுக்கும், புகை குறையும், மிச்சத்தைக் காற்று எங்கோ கொண்டுபோய்விடும். சைலன்சர் மாட்டத் தெரிந்த எவனுக்கும் தெரிந்த விஷயம் இது. ஏற்றிப் பார்த்தோம். பட்டாணியர் மேலே பார்த்து, "அச்சா" என்றார். வங்கிக்காரர் ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார், சட்டையில் ஒன்றும் விழவில்லை என்று தெரிந்ததும் பேசாமல் போய்விட்டார். அர்பாப் கவனிக்கவே இல்லை. அந்தக் குளிர்காலம் முடியும்வரை அந்த அடுப்பால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. உங்கள் அக்கா இரண்டரைக் கிலோ தாண்டினாள்.

மொத்தமே அரை மணி நேர வேலை. உங்கள் அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஆறடித் துண்டு, முதல் நாள் பைப் வெட்டியபோது மீந்தது. அந்த இரண்டு மாதமும் எங்கள் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. தினமும் அதை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் அவள் பெருக்குவாள்.